மதுரை விமான நிலையத்துக்கு எதில் போவது? முதலில் வழி, அப்புறம் வண்டி

மதுரை ஜங்ஷனிலிருந்து விமான நிலையம் சுமார் 12 கிலோமீட்டர். நள்ளிரவில் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் போய்விடலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு அதே 12 கிலோமீட்டர் ஒரு மணி நேரத்தை விழுங்கும். அதனால் பஸ்ஸா, ஆட்டோவா, காரா என்று யோசிப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை முடிவு செய்துகொள்ள வேண்டும். வைகைக்கு எந்தக் கரையில் இருக்கிறீர்கள்? எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வண்டி தானாக முடிவாகிவிடும்.

ரயிலில் போக வழியில்லை. பேச்சில் இருக்கும் மெட்ரோ தடமும் திருமங்கலம் – ஒத்தக்கடை என்றுதான் திட்டமிடப்பட்டது, விமான நிலையம் அதில் இல்லை. ஆக எல்லாமே சாலைதான். மேப்பில் விமான நிலையத்துக்கு முந்தின ஊரான பெருங்குடி என்று போட்டுத் தேடினால் சென்னைப் பெருங்குடியும் வந்து நிற்கும், ஊர்ப் பெயரைப் பார்த்து அழுத்துங்கள்.

எந்தப் பக்கத்திலிருந்து எந்த வழி

பெரியார் பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன், மாசி வீதிகள், வெளி வீதிகள் ஆகிய தென்கரைக்காரர்களுக்கு நேர் வழி ஒன்றுதான். தெற்கு வெளி வீதி, தெற்கு வாசல், அங்கே ரயில் பாதைக்கு மேலே போகும் பாலம், வில்லாபுரம், அவனியாபுரம், பெருங்குடி, விமான நிலையம். இதில் மாட்டிக்கொள்ளும் இடம் தெற்கு வாசலும் அந்தப் பாலமும்தான். லாரி, டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, தள்ளுவண்டி எல்லாம் ஒரே வாய்க்குள் நுழைய வேண்டும். அதைத் தாண்டி வில்லாபுரம் இறங்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. காலை எட்டரையிலிருந்து பத்து வரை, சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டரை வரை இந்த வழியில் போவதானால் வழக்கமான நேரத்தோடு இன்னும் அரை மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வடகரைக்காரர்கள், அதாவது தல்லாகுளம், நரிமேடு, பீபீகுளம், கே.கே.நகர், அண்ணா நகர், மாட்டுத்தாவணிப் பக்கம் இருப்பவர்கள் ஊருக்குள் வரவே வேண்டாம். மேப் சில நேரம் வைகைக்கு மேலே போகும் ஏ.வி. பாலம் வழியைக் காட்டும், ஏனென்றால் கிலோமீட்டர் குறைவு. கோரிப்பாளையத்தில் ஒருமுறை, யானைக்கல்லில் ஒருமுறை, தெற்கு வாசலில் ஒருமுறை என்று மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்பது தூரத்தில் தெரியாது. மாட்டுத்தாவணியிலிருந்து ரிங் ரோட்டைப் பிடித்து விரகனூர், சிந்தாமணி, மண்டேலா நகர் என்று சுற்றி வந்தால் ஐந்தாறு கிலோமீட்டர் கூடும், ஆனால் நேரம் சொன்னபடி நிற்கும். விமானத்துக்குப் போகிறவருக்கு வேண்டியது குறைந்த தூரம் இல்லை, நிச்சயமான நேரம். அண்ணா நகர்க்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. குருவிக்காரன் சாலைப் பாலத்தில் ஆற்றைக் கடந்து, தெப்பக்குளம் வழியாகச் சிந்தாமணியில் ரிங் ரோட்டைத் தொடுவது. பகலில் நன்றாகவே போகும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மட்டும் காமராஜர் சாலையை நம்பாதீர்கள்.

பழங்காநத்தம், பசுமலை, திருநகர், திருப்பரங்குன்றம் பக்கம் என்றால் திருப்பரங்குன்றத்திலிருந்து அவனியாபுரம் போகும் சாலை இருக்கிறது. பெரியாருக்குப் போய்த் திரும்பி வருவது வீண். பௌர்ணமி கிரிவலம், கார்த்திகை, பங்குனித் திருவிழா நாட்களில் மட்டும் குன்றத்துக்குள் வண்டி நுழையாது.

திருமங்கலம், விருதுநகர் பக்கமிருந்து வருபவர்கள் கப்பலூரில் ரிங் ரோட்டுக்குத் திரும்பினால் போதும். ராமநாதபுரம், பரமக்குடி பஸ்ஸில் வருபவர்கள் மாட்டுத்தாவணி வரை போய்த் திரும்புவதைவிட விரகனூர் ரிங் ரோட்டிலேயே இறங்கி ஆட்டோவோ காரோ பிடிப்பது புத்திசாலித்தனம். கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அங்கே நிறுத்தாமல் போகிற பஸ்ஸும் உண்டு. அருப்புக்கோட்டை, தூத்துக்குடி பக்கமிருந்து வருபவர்களும் ஊருக்குள் வரத் தேவையில்லை. மண்டேலா நகரில் இறங்கிவிடலாம். இறங்கிய இடத்திலிருந்து பெட்டியோடு நடந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மதுரை வெயிலில் சக்கரப் பெட்டியை தார் ரோட்டில் இழுப்பது வேண்டாத வேலை.

தேனி, திண்டுக்கல், கோவைப் பக்கத்து பஸ்கள் ஆரப்பாளையத்தில் நிற்கும். அங்கிருந்து பெரியாருக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு. கையில் நேரமும் ஒரே ஒரு பையும் இருந்தால் அப்படியே மாறிக்கொள்ளலாம், இல்லையென்றால் ஆரப்பாளையத்திலேயே கார் போட்டுவிடுங்கள்.

வழி அடைபடும் நாட்கள்

தை முதல் நாள் அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. அன்றைக்கு விமானம் இருந்தால் அவனியாபுரம் வழியை மறந்துவிட வேண்டும். விடிவதற்கு முன்பே தடுப்பு போட்டு வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள், மாடு ஏற்றிய வண்டிகள் முந்தின இரவிலிருந்தே வரிசை கட்டும். ஜங்ஷன் பக்கமிருந்து கிளம்பினாலும் தெப்பக்குளம் – சிந்தாமணி வழியாக ரிங் ரோட்டைப் பிடியுங்கள், ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். மறுநாள் பாலமேடும் அதற்கடுத்த நாள் அலங்காநல்லூரும் ஊருக்கு வடக்கே இருப்பதால் விமான நிலையப் பாதைக்குத் தொந்தரவு இல்லை.

சித்திரைத் திருவிழாவில் இரண்டு நாள் கவனம் வேண்டும். தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடக்கும் நாள், மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கும் நாள். வடகரைக்காரர்கள் அந்த இரண்டு நாளும் பாலம் பக்கமே தலைவைக்கக் கூடாது. ஆற்றில் இறங்கிய அன்று இரவு அழகர் வண்டியூரில் இருப்பார், அதனால் குருவிக்காரன் சாலை, வண்டியூர்ப் பக்கமும் கூட்டம்தான். அன்றைக்கு மாட்டுத்தாவணியிலிருந்து ரிங் ரோடு ஒன்றே வழி. தேரோட்டத்தன்று மாசி வீதிக்குள் இருக்கும் லாட்ஜில் தங்கியிருந்தால் வண்டி வாசலுக்கு வராது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளி வீதி வரை நடந்துதான் ஆக வேண்டும், அந்த நடைக்கும் கால் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியில் பார்க்க வேண்டிய இன்னொன்று முகூர்த்தம். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் நல்ல முகூர்த்த நாள் என்றால் ஊரில் இருக்கிற வாடகை வண்டியில் பாதி கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கும். அன்று அதிகாலை விமானம் என்றால் முந்தின நாளே வண்டிக்குச் சொல்லிவிட வேண்டும். காலையில் ஆப்பைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி வராது.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். வெளிநாட்டு விமானத்துக்கு 60 நிமிடமோ 75 நிமிடமோ, கம்பெனியைப் பொறுத்தது. ஏறும் கேட்டைப் பெரும்பாலும் 25 நிமிடம் முன்பு மூடுகிறார்கள். உங்கள் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரமே இறுதி.

மாலை 6.30க்குச் சென்னை விமானம், பெட்டி போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கவுன்ட்டர் மூடுவது 5.30. வாசலில் அடையாள அட்டை காட்டி, ஸ்கேன் முடித்து, வரிசையில் நின்று, எடை கூடிப்போய் ஊறுகாய் பாட்டிலை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றுவது வரை 45 நிமிடம் கொடுங்கள். ஆக 4.45க்கு வாசலில் இருக்க வேண்டும். ஜங்ஷன் பக்கமிருந்து காரில் என்றால் 45 நிமிடம், வண்டி வந்து சேர 15 நிமிடம். 3.45க்கு ஆப்பைத் திறக்க வேண்டும். இதே பயணம் டவுன் பஸ்ஸில் என்றால் 3 மணிக்கே பெரியாரில் நிற்க வேண்டும். கைப்பை மட்டும், போர்டிங் பாஸ் போனிலேயே இருக்கிறது என்றால் இதில் அரை மணியைக் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பயணம் என்றால் குடியேற்றச் சோதனைக்கு இன்னொரு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். கொழும்பு, துபாய் விமானங்களில் ஒவ்வொருவரிடமும் பெட்டி அதிகம், வரிசை மெதுவாகத்தான் நகரும்.

டவுன் பஸ்

பெரியாரிலிருந்து விமான நிலையத்துக்கு டவுன் பஸ் உண்டு. ஊரிலேயே மலிவான வழி இதுதான், ஒரு டீ காசில் போய்விடலாம். பஸ் எண்ணை மனப்பாடம் செய்வதைவிட முன்னால் இருக்கும் பலகையைப் படியுங்கள். ஒரே எண்ணில் எழுத்து மட்டும் மாறினால் ஊரே மாறிவிடும், சில பஸ் அவனியாபுரத்தோடு திரும்பிவிடும். ஏறும்போதே கண்டக்டரிடம் "ஏர்போர்ட் உள்ள போகுமாண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். "பெருங்குடில இறங்கிக்கங்க" என்று பதில் வந்தால் அங்கிருந்து உள்ளே போக ஆட்டோ தேவைப்படும் என்று அர்த்தம்.

சாதாக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது.  காசு இல்லையென்றாலும் டிக்கெட் உண்டு, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் இறங்கும்வரை மீதி வராது, பத்து ரூபாய்ச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் என்ன தப்பாகும்? டவுன் பஸ்ஸில் பெட்டி வைக்க இடம் என்று தனியாக எதுவும் இல்லை. டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி அருகே வைக்கலாம், அல்லது கடைசி சீட்டுக்கு முன்னால். இரண்டு இடமும் கூட்ட நேரத்தில் நிரம்பிவிடும். ஆக, ஒருவர், தோளில் ஒரு பை, பகல் நேரம், கையில் இரண்டரை மணி நேரம் என்றால் பஸ்தான் சரி. பெரிய பெட்டி ஒன்று இருந்தாலும் காலை, சாயங்காலக் கூட்டத்தில் ஏறாதீர்கள். உங்களுக்கும் கஷ்டம், பக்கத்தில் நிற்கிறவர் காலுக்கும் கஷ்டம். இரவு ஒன்பது, பத்துக்கு மேல் டவுன் பஸ்ஸைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்குபவர்கள் கிழக்கு வாசல் வழியாக மேல வெளி வீதிக்கு வந்தால் பெரியார் நடக்கிற தூரம்தான். அந்த ஐந்து நிமிட நடைக்கு நாற்பது ஐம்பது கேட்கும் ஆட்டோவில் ஏற வேண்டாம். ஷேர் ஆட்டோக்கள் தெற்கு வாசல், வில்லாபுரம், அவனியாபுரம் என்று ஓடும், ஆனால் ஆள் ஏற்றி இறக்கி நின்று நின்றுதான் போகும். விமானத்தைப் பிடிக்க அது ஆகாது. வந்து இறங்கி, அவசரமில்லாமல் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆகும்.

ஆட்டோ: ஏறுவதற்கு முன் பேசி முடிக்க வேண்டிய நாலு விஷயம்

மதுரையில் ஆட்டோவை மீட்டர் போட்டு ஓட்டச் சொல்லி விமான நிலையம் போவது நடக்கிற காரியம் இல்லை. பேரம்தான். ஆனால் டிரைவர் கூடக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. விமானங்கள் கொத்துக் கொத்தாக வரும், நடுவில் நீண்ட இடைவெளி. உங்களை இறக்கிவிட்டு, அடுத்த விமானம் இறங்கும்வரை காத்திருந்தாலும் உள்ளூர் டாக்சிகளோடு போட்டி. பெரும்பாலும் காலி வண்டியாகத்தான் ஊருக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் பெட்ரோலில் பாதியாவது உங்கள் தலையில் விழும். இதைத் தெரிந்துகொண்டு பேசினால் பேரம் சண்டையாகாது.

பேச ஆரம்பிப்பதற்கு முன் போனில் ஏதாவது ஒரு ஆப்பைத் திறந்து, அதே இடத்திலிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோ எவ்வளவு, கார் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். ஆட்டோ 300, கார் 420 என்று காட்டினால், 300தான் பேரத்தின் தரை, 420 கூரை. கூரைக்கு மேலே கேட்டால் காரே போட்டுக்கொள்ளலாம். பேச்சு இப்படிப் போகும்:

"அண்ணே, ஏர்போர்ட் வரணும். எவ்வளவு?"

"எத்தனை பேரு? லக்கேஜ் இருக்கா?"

"மூணு பேரு. ரெண்டு பெட்டி, ஒரு பை."

"ரிட்டன் சும்மா வரணும்ல. அஞ்ஞூறு குடுங்க."

"ஆப்ல முந்நூறு காட்டுது. முந்நூத்தம்பது. உள்ள வாசல் வரைக்கும் விடணும், டோக்கன் காசு உங்களது."

"முந்நூத்தி எண்பது. ஏறுங்க."

இந்தப் பேச்சில் தொகை, ஆள் எண்ணிக்கை, பெட்டி, எதுவரை போவது என்ற நாலும் வந்துவிட்டது. இதில் ஒன்று விட்டுப்போனாலும் இறங்குமிடத்தில் தகராறு. முக்கியமாக அந்த நாலாவது. விமான நிலைய வளாகத்துக்குள் வண்டி நுழையும்போது டோக்கன் வாங்க வேண்டியிருந்தால், குறித்த நேரத்துக்கு மேல் நின்றால் காசு. அதற்குப் பயந்து வெளி நுழைவிலேயே இறக்கிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போவது நீங்கள்தான்.

மதுரையில் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல் "பாத்துக் குடுங்க". கேட்க மரியாதையாக இருக்கும், இறங்கும்போது தலைவலி அதுதான். "நீங்களே பாத்துக் குடுங்கண்ணே" என்றால் "இல்லண்ணே, தொகையைச் சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண் வாயிலிருந்து வராமல் ஏறாதீர்கள்.

ஆட்டோவில் மூன்று பேரும் இரண்டு நடுத்தரப் பெட்டியும் போகலாம். பெரிய பெட்டி இரண்டு என்றால் இரண்டு பேர்தான் வசதியாக உட்கார முடியும். பெட்டியைச் சீட்டுக்குப் பின்னால் வைத்தால் பயணத்தில் ஒரு முறையாவது திரும்பிப் பாருங்கள். பாலத்து மேடு, வேகத்தடை ஏறி இறங்கும்போது நழுவும். மழைக்காலத்தில் படுதா இருக்கிறதா என்று ஏறும்போதே பார்ப்பது நல்லது. மழை வந்த பிறகு கேட்டால் "இருந்துச்சுங்க" என்பார்.

ஆப் காரும் கால் டாக்சியும்

ஓலா, ஊபர், ரேப்பிடோ, ரெட் டாக்சி எல்லாம் மதுரையில் ஓடுகின்றன. இரண்டு பேருக்கு மேல், இரண்டு பெட்டிக்கு மேல், அல்லது இருட்டு நேரம் என்றால் கார்தான். ஒரே சமயம் இரண்டு ஆப்பில் விலையைப் பாருங்கள். மழை, முகூர்த்தம், ஒரே நேரத்தில் இரண்டு விமானம் இறங்குவது ஆகிய மூன்று சமயங்களில் விலை ஏறும். பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் இறங்குவதும் உண்டு, ஆனால் விமானத்துக்குப் போகும்போது அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

வண்டி கிடைத்ததும் டிரைவர் போன் செய்வார். "டிராப் எங்க சார்? கேஷா, ஆன்லைனா?" ஆன்லைன் என்றால் சிலர் பேசாமல் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். நீங்களாகவே ரத்து செய்யட்டும் என்று காத்திருப்பார்கள், அபராதம் உங்களுக்கு விழும். காரணம் எளிது: கையில் காசு வந்தால் அன்றைக்கே டீசல் போடலாம், ஆப்பில் போனால் பிடித்தம் போக அப்புறம்தான் வரும். நேரம் இறுக்கமாக இருக்கும்போது "கேஷ்" என்று சொல்லிவிடுங்கள், சரியான சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். மேப்பில் வண்டி ஐந்து நிமிடமாக அசையவில்லை என்றால் இன்னும் ஐந்து நிமிடம் பார்க்காதீர்கள். அடுத்த ஆப்பில் போட்டுவிட்டு, அது உறுதியான பிறகு முதலாவதை விடுங்கள். ரிங் ரோட்டு வழியாகப் போகிறீர்கள் என்றால் சுங்கச்சாவடிக் கட்டணம் காட்டிய தொகைக்குள் இருக்கிறதா, தனியா என்று ஏறும்போதே கேளுங்கள்.

டிக்கி விஷயம் பலருக்கும் கடைசி நிமிடத்தில்தான் தெரிய வரும். செடான் கார் என்று போட்டால் பெரிய டிக்கி என்று நினைப்போம். வந்து நிற்கிற வண்டியில் கேஸ் சிலிண்டர் இருந்தால் டிக்கியில் பாதி போய்விட்டது. கூரையில் கேரியர் இருந்தால் கயிறும் இருக்கிறதா என்று பாருங்கள், கயிறு இல்லாத கேரியர் அலங்காரம்தான். நாலு பேர், நாலு பெரிய பெட்டி என்றால் வம்பே வேண்டாம், ஏழு சீட்டு வண்டியாகப் போடுங்கள். டிரைவர் போன் செய்யும்போது "டிக்கில சிலிண்டர் இருக்காண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பத்து நிமிடம் மிச்சம்.

2024 அக்டோபர் 1 முதல் மதுரை விமான நிலையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. அதிகாலை விமானம் என்றால் ஆப்பில் முன்பதிவு செய்திருந்தாலும் அதை முழுதாக நம்ப வேண்டாம். பல நேரம் அந்த முன்பதிவு, சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வண்டி தேடத் தொடங்கும். தெரிந்த டாக்சிக்காரர், தெருமுனை ஸ்டாண்டு, லாட்ஜ் வரவேற்பு மேஜை, இவர்களில் ஒருவரிடம் முந்தின இரவே சொல்லி, டிரைவர் எண்ணை வாங்கி, படுக்கப் போகும் முன் ஒருமுறை பேசிவிடுங்கள். காலையில் எழுந்ததும் முதல் போன் அவருக்குத்தான்.

தனி ஆள், முதுகுப் பை மட்டும் என்றால் பைக் டாக்சி சாயங்கால நெரிசலில் காரைவிடச் சீக்கிரம் போகும். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கேளுங்கள். உருட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவதெல்லாம் வேண்டாம்.

வந்து இறங்குபவர்களுக்கு

ஊருக்குள் போகிறவர்கள் பெட்டி கைக்கு வந்த பிறகே காரைப் போடுங்கள். விமானம் தரையிறங்கியதும் போட்டால், பெல்ட்டில் பெட்டிக்காக நீங்கள் நிற்கும்போது வெளியே காத்திருப்புக் கட்டணம் ஓடும், இல்லையென்றால் டிரைவர் ரத்து செய்துவிட்டுப் போய்விடுவார். வெளிநாட்டிலிருந்து வந்தால் குடியேற்றமும் சுங்கமும் முடிய முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகலாம். வெளிநாட்டு சிம்மோடு வருபவர்களுக்கு ஒரு சிக்கல்: ஆப்புக்கும் யு.பி.ஐ.க்கும் ஓ.டி.பி. வராது. இரண்டாயிரம் ரூபாயாவது ரொக்கமாக வைத்திருங்கள், நூறும் ஐம்பதுமாக. அல்லது ஊரில் இருக்கும் தம்பியோ மச்சானோ அவர் போனிலிருந்து கார் போட்டு, வண்டி எண்ணையும் ஓ.டி.பி.யையும் வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும்.

வெளியே வந்ததும் "டாக்சி சார், டாக்சி" என்று சூழ்ந்துகொள்வார்கள். யாரிடம் பேசினாலும் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது டி-போர்டு, வாடகைக்கு அனுமதி பெற்ற வண்டி. வெள்ளைப் பலகை என்றால் ஓன் போர்டு, சொந்த உபயோகத்துக்கான வண்டி. நூறு ரூபாய் குறைத்துச் சொன்னாலும் ஓன் போர்டில் ஏறாதீர்கள். வழியில் விபத்து என்றால், வாடகைக்கு ஓட்டியதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம்.

பஸ்ஸில் போகிற எண்ணம் இருந்தால், வெளியே வந்ததும் நிலைய ஊழியர் ஒருவரிடம் அடுத்த டவுன் பஸ் எப்போது என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அரை மணிக்கு மேல் காத்திருக்க வேண்டாம். ஆட்டோவில் பெருங்குடி வரை போனால் அங்கிருந்து பெரியாருக்குப் பஸ் கிடைக்கும். சென்னைக்கோ பெங்களூருக்கோ ஆம்னி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பெரியாருக்குப் போகக் கூடாது. ஆம்னி பஸ் நிலையம் மாட்டுத்தாவணியில், எம்.ஜி.ஆர். பஸ் நிலையத்தை ஒட்டி இருக்கிறது. டிரைவரிடம் "பஸ் ஸ்டாண்டு" என்று மட்டும் சொன்னால் எந்த பஸ் ஸ்டாண்டு என்ற குழப்பம் வரும். பெரியார், ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி என்று பெயர் சொல்லியே பேசுங்கள்.

நேராக வெளியூர் போகிறவர்கள், அதாவது ராமநாதபுரம், இளையான்குடி, காரைக்குடி, கம்பம் பக்கம் போகிறவர்கள், வாடகை வண்டி பேசும்போது கிலோமீட்டர் கட்டணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். போக வர இரண்டு பக்கமும் கிலோமீட்டர் கணக்கா, ஒரு வழி மட்டுமா? குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு? டிரைவர் பேட்டா எவ்வளவு, இரவுக்குத் தனியா? சுங்கமும் பார்க்கிங்கும் யார் தலையில்? கிலோமீட்டரை எங்கிருந்து எண்ணுவார்கள், விமான நிலையத்திலிருந்தா, அவர்கள் ஷெட்டிலிருந்தா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள், பில்லில் முப்பது நாற்பது கிலோமீட்டர் கூடுவது அங்கேதான். ஏறியதும் ஓடோமீட்டரைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது இன்னொன்று.

துபாயிலிருந்து வருகிறவரைக் கூப்பிட வேன் நிறையக் குடும்பமே வருவது நம்ம ஊர் வழக்கம். வரட்டும், ஆனால் திரும்பும்போது அவரும் அவருடைய மூன்று பெட்டியும் கயிறு கட்டிய அட்டைப் பெட்டியும் அதே வேனில் ஏற வேண்டும். பன்னிரண்டு சீட்டு வேன் என்றால் ஒன்பது பேருக்கு மேல் வராதீர்கள்.

பாதி வழியில் வண்டி நின்றுவிட்டால்

டயர் பஞ்சர், டிரைவர் ரத்து, தெற்கு வாசலில் அசையாத நெரிசல், ஏதோ ஒன்று. கவுன்ட்டர் மூட ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் பதற வேண்டாம், இன்னொரு ஆட்டோவைக் கைகாட்டி ஏறுங்கள். அந்த நேரத்தில் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை. நாற்பது நிமிடத்துக்குள் என்றால் முதலில் போனில் வெப் செக்-இன் முடித்துவிடுங்கள், இடம் உறுதியாகும். பெட்டி இல்லாதவருக்கு அதுவே போதும், கேட் மூடும் நேரம்தான் இனிக் கணக்கு. பெட்டி இருந்தால் விமானக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசி நிலைமையைச் சொல்லுங்கள். கவுன்ட்டரை அதற்காகத் திறந்து வைப்பார்கள் என்று நினைக்க வேண்டாம், ஆனால் அடுத்த விமானத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் புறப்படும் முன் பேசியவருக்கும் தவறவிட்ட பிறகு போய் நிற்பவருக்கும் கட்டுகிற தொகை ஒன்றாக இருக்காது. கூட வந்தவர்களில் ஒருவர் பெட்டியோடு பின்னால் வரட்டும், இன்னொருவர் எல்லாருடைய அடையாள அட்டையையும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு பைக் டாக்சியில் முன்னே போகட்டும் என்று சிலர் யோசிப்பார்கள். அது உதவாது. பெட்டி வந்தால்தான் எடை போடுவார்கள், அட்டை கையில் இல்லாமல் பின்னால் வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.